பதினேழுக்கு அடுத்த நம்பர்

காது, மூக்கு, தொண்டை என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று பேர் பாட்டுக் கட்டினால் யாருக்கும் சிரிப்புதான் வரும். அவர்களுக்கும் வந்தது. ஆனால் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தொண்டை என்பவன் பார்சல் கிடங்கில் வேலை பார்த்தான். எந்த மூட்டை எந்த லாரியில் ஏற வேண்டும் என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் வேலை. வேலை முடிந்ததும் அதே குரலில் ராப் பாடுவான். மூக்கு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தான். தாளம் அவன் பொறுப்பு. அவனைப் பக்கவாட்டில் பார்த்த யாரும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்டதில்லை.

நம் கதை காதைப் பற்றியது. இருபத்து மூன்று வயதுப் பெண். செவித்திறன் சோதிக்கும் கிளினிக் ஒன்றில் உதவியாளர். அங்கே ஒரு சின்ன அறை உண்டு. அறை என்று சொல்வதுகூட அதிகம். கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு பெட்டி. உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்திவிட்டால் வெளியே தெரு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, காது வெளியே மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் போடுவாள். உள்ளே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று இவள் குறித்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. அன்றைக்கு அந்தப் பெட்டிதான் மூவருக்கும் ஸ்டூடியோ. டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு சாவியைக் கொடுத்திருந்தார். "பாடுங்க, ஆடுங்க, என்னவோ பண்ணுங்க. ஆனா உள்ள உக்காந்து எதையும் தின்னக் கூடாது. பஞ்சுல ஒரு எறும்பைப் பார்த்தேன், மூணு பேரையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிடுவேன்." நல்ல மனுஷி. சொன்னால் செய்யக்கூடியவர் என்பதால் அவர்கள் பிஸ்கட்கூட வெளியே நின்றுதான் தின்றார்கள்.

அவர்களுக்கென்று வேறொரு விதியும் இருந்தது. பாட்டில் யாருடைய கதை வருகிறதோ, அவர் முதலில் கேட்க வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினால்தான் பாட்டு வெளியே போகும். இந்த விதி ஏதோ பெரிய தத்துவத்தில் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தொண்டை தன் முதல் பாட்டில் சித்தப்பாவின் குடியைப் பற்றி எட்டு வரி பாடிவிட்டு, ஒரு வருஷம் சித்தப்பா வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் திண்டாடினான். சித்தி வைக்கும் குழம்பை நினைத்து நினைத்து மெலிந்தே போனான். பட்ட பிறகு வந்த புத்தி அது.

இப்போது கட்டிய பாட்டின் பெயர் 'வருகைப் பதிவு'. தொண்டையும் காதும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. கிடங்குக்கு மூட்டை தூக்க வந்த ஒருவன் தொண்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யார் என்று பார்த்தால், வகுப்புப் பதிவேட்டின் மூன்றாம் நம்பர். வகுப்பில் கணக்கில் புலி. அன்றிலிருந்து தொண்டையும் காதும் உட்கார்ந்து, இப்படி விடுபட்டவர்கள் யார் யார் என்று எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் நம்பர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தான். பதினான்காம் நம்பர் இரண்டு வருஷமாக வீட்டில் தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பதினேழு இருமல் மருந்திலும் மாத்திரையிலும் விழுந்து எழுந்தவள். இருபத்தாறை வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். எல்லாருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் ஆகிறது.

பாட்டு ஒரு வகுப்பறை மாதிரி போகும். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவர் கதையும் நாலு வரி. கடைசியில் அவருக்குப் பதிலாக மூவரும் சேர்ந்து "இருக்கேன்!" என்று கத்துவார்கள். அதன் பிறகு இது வரும்:

கணக்கில் விட்டவங்க எல்லாம் கதவோரம் நிக்கிறோம்
கூப்பிட்டுப் பாரு வாத்தியாரே, இருக்கேன்னு கத்துறோம்!

விதிப்படி ஐந்து பேரையும் தேடிப் பிடித்து, செல்போனில் எடுத்த மாதிரிப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பதினான்கு கதவைத் திறக்காமல், கதவடியில் செல்போனை வைக்கச் சொல்லிக் கேட்டான். ஒன்பது முழுசாகக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது வரியில பொய் இருக்கு. நான் அழல" என்றான். அந்த வரியை எடுத்தார்கள். பதினேழு ஒன்றுதான் கேட்டாள். "பேரு வேண்டாம். நம்பர் மட்டும் இருக்கட்டும்." அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பெற்றவர்கள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள். பழைய கதை அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எந்தத் தாய் தன் பிள்ளையை அவள் கையில் கொடுப்பாள்? காது அவள் தலைமேல் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தாள்.

காதுக்கு மற்ற நால்வரும் வெறும் வகுப்புத் தோழர்கள். பதினேழு மட்டும் அப்படியில்லை. காதின் நம்பர் பதினெட்டு. ஒரே பெஞ்சு, பக்கத்துப் பக்கத்து நம்பர். காதுக்குப் பதினைந்து வயதானபோது அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு மாதம். காலையில் அம்மாவுக்குத் துணையாக இருக்க வேறு ஆள் கிடையாது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வாத்தியாரோ பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நம்பர் கூப்பிடுகிறவர். "பதினேழு" என்றதும் பதினேழு தன் குரலில் "இருக்கேன்" என்பாள். "பதினெட்டு" என்றதும் தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, சளி பிடித்த கட்டைக் குரலில் இன்னொரு "இருக்கேன்" போடுவாள். நாற்பத்தோரு நாள் இப்படியே ஓட்டினாள். ஒரு நாள் வாத்தியார் தலையைத் தூக்காமலே, "பதினெட்டுக்கு என்ன, எப்பப் பாரு சளி?" என்று கேட்டிருக்கிறார். "மருந்து சாப்பிடுறா சார்" என்று பதினேழே பதில் சொல்லியிருக்கிறாள். காது பரீட்சை எழுதினாள், தேறினாள், படித்து வேலைக்கும் வந்தாள்.

அந்தப் பதினேழுதான் பத்தொன்பது வயதில் மருந்துப் பாட்டிலோடு சுருண்டாள். ஆரம்பத்தில் காதைக் கூப்பிட்டு அழுவாள், உளறுவாள். காது கேட்டாள், ஓடிப்போய்ப் பார்த்தாள், அலுத்தாள். ஒரு மத்தியானம் போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்தாள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அந்த மாதத்தில் அப்படிப் பதினோரு தடவை. அதன் பிறகு போன் வரவில்லை. பதினேழை அவளுடைய அத்தை கொண்டுபோய் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்ததை மூன்றாம் மனிதர் சொல்லித்தான் இவள் தெரிந்துகொண்டாள். கவிழ்த்து வைத்த கதையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பாட்டை விழுந்து விழுந்து செய்தது அதனால்தான். நாற்பத்தோரு நாள் எனக்காக நீ சொன்னாய், இதோ உனக்காக நான் சொல்கிறேன் என்று.

மூக்கு ஒரு தடவை கேட்டான். "பதினேழுக்கு அப்புறம் நேரா இருபத்தாறா? பதினெட்டு யாரு?"

"அது ஒழுங்கா வேலைக்குப் போயிடுச்சுடா. அதுக்கெல்லாம் பாட்டு எதுக்கு?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

பாட்டைப் பதிவு செய்த அன்று தொண்டை அடம்பிடித்தான். "நம்பரைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே வரல. முதல்ல பேரோட பாடிடறேன். அப்புறம் நம்பர் போட்டுப் பாடறேன்." அப்படியே செய்தார்கள். பெயரோடு பாடியது வெறும் வழிகாட்டுப் பதிவு, தூக்கிப் போட வேண்டியது. ஆனால் அதில் அவன் குரல் நடுங்கிய நடுக்கம் இரண்டாவதில் வரவில்லை. காதுக்கு அதை விட மனசில்லை. நம்பர் பதிவுக்கு அடியில், வலது பக்கமாக, முதல் பதிவை மெல்லிசாகப் படர விட்டாள். பெயர் வருகிற ஐந்து இடத்தையும் வெட்டி எடுத்தாள். அல்லது, எடுத்ததாக நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டை வெளியிட்டார்கள். மறுநாள் காலைக்குள் ஆறாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். அதுவரை அவர்கள் பாட்டை அதிகபட்சம் கேட்டது எண்ணூறு பேர். அதிலும் பாதி தொண்டையின் அம்மா. உள்ளூர் வானொலியில் ஒரு அறிவிப்பாளர், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தன் நிகழ்ச்சியில் போடுவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். காது தரையில் நடக்கவில்லை.

அந்த மிதப்பில்தான் சனிக்கிழமை காலை அச்சகத்துக்காரரை உட்கார வைத்தாள். முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவர். புதுக் கருவி மாட்டி மூன்றாவது தடவையாக வந்திருந்தார், புகாரோடு.

"சத்தமா பேசினா கேக்குதும்மா. மெதுவா பேசினாத்தான் கேக்க மாட்டேங்குது. வீட்ல என்னைப் பத்திப் பேசறதெல்லாம் மெதுவாத்தானே பேசறாங்க?"

காது சிரித்துக்கொண்டே கருவியில் மெல்லிய சத்தங்களைக் கூட்டி வைத்தாள். வழக்கமான வார்த்தைப் பட்டியலைப் போட்டாள். "சன்னல்" என்று வந்தது. அவர் "சன்னல், வாசல், பால்காரன், பூனைக்குட்டி" என்று வராததையும் சேர்த்துச் சொன்னார். "இது மனப்பாடம் ஆயிடுச்சும்மா. வேற ஏதாவது போடு."

வேறு என்ன போடுவாள்? தன் பாட்டைப் போட்டாள். பெருமை பொல்லாதது. அச்சகத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பித்தார். ராப் பாட்டை ஒருவர் அப்படி நிதானமாக, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொல்லிக் கேட்டால் சிரிப்பை அடக்க முடியாது. காது வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மூணாம் நம்பர் எங்கேடா, மூட்டை தூக்கப் போயாச்சு" என்றார். "ஒன்பதாம் நம்பர் எங்கேடா, உள்ளே போயி நாளாச்சு" என்றார். பதினான்கு வந்து போனது. அப்புறம், "பதினேழு எங்கேடி, பாட்டில் மருந்தில் தூங்குது" என்றார். அதற்குப் பின்னாலேயே, அதே நிதானத்தோடு, ஒரு பெண் பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை வெளியே போனதே போதும்.

காது பாட்டை நிறுத்தினாள். "என்ன சொன்னீங்க சார்?"

அவர் அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னார். "அடியில நின்னு யாரோ மெதுவா கூப்பிடற மாதிரி இருக்கும்மா. வலது பக்கம். ஏன், தப்பா? மார்க்கைக் குறைச்சுடாதே."

காது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்கத்தை முழுசாக அடைத்துவிட்டு, வலது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டாள். இருந்தது. நாலு இடத்தில் வெட்டியிருந்தாள், பதினேழின் இடத்தில் மட்டும் கைதவறியிருந்தது. வெளியிடுவதற்கு முன்னால் இருநூறு தடவையாவது அந்தப் பாட்டைக் கேட்டிருப்பாள். கேட்டுக் கேட்டே அவள் காது அந்த இடத்தைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. காது என்று பெயர் வாங்கியவளுக்குக் கேட்காதது, காது போய்விட்டது என்று வந்த மனிதருக்குக் கேட்டிருக்கிறது.

அந்த நிமிஷத்திலும், இவர் இன்றைக்கு வந்தாரே, ஐந்து மணிக்கு முன்னால் வந்தாரே என்று அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருந்தது. "தப்பே இல்ல சார். நூத்துக்கு நூறு" என்றாள். அவர், இனிமேல் வீட்டில் ஒருத்தரும் தன்னிடமிருந்து தப்ப முடியாது என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

முதலில் பாட்டை எடுத்தாள். ஆறாயிரத்துச் சொச்சம் என்று இருந்த எண்ணிக்கை ஒரு விரல் தட்டலில் காணாமல் போனது. அப்புறம் மற்ற இருவரையும் போனில் பிடித்தாள்.

மூக்கு யோசிக்கவே இல்லை. "பத்து நிமிஷ வேலை. பேரை வெட்டிட்டு வேற ஃபைலை ஏத்திடு. அவ்ளோ அடியில கெடக்கறது எவனுக்குக் கேக்கப் போகுது? அவகிட்டச் சொல்லி அவளையும் ஏன் பயமுறுத்தணும்? யாருக்குமே தெரியாதுடி."

"எனக்குத் தெரியுமேடா."

தொண்டை அந்தப் பக்கம் ஏதோ லாரியைக் கத்தி அனுப்பிவிட்டுப் பேசினான். "பாடினது நான். நானும் வரவா?"

"வேண்டாம். வெட்டாம விட்டது நான்."

அடுத்தது வானொலி அறிவிப்பாளர். நாலரைக்குள் சரி செய்த பாட்டு வந்தால் ஐந்துக்குப் போடுவேன், வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பாட்டு ரெடியாக இருக்கிறது என்றார்.

"ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

"யாரைக் கேக்கணும்? உங்க பாட்டுதானேம்மா?"

"பாட்டுல இருக்கறவங்களைக் கேக்கணும் சார்."

அவருக்கு அது விளங்கவில்லை. டாக்டரம்மாவிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு காது பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒரு வாக்கியமும் உருப்படியாக வரவில்லை. பதினேழுக்கு வேலை போய்விட்டால்? வேலை போன பெண் மறுபடி அந்தப் பாட்டிலைத் தேடிப் போய்விட்டால்? அதற்கு மேல் நினைக்கப் பயந்து, ஓடுகிற கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனாள்.

காப்பகத்தில் குழந்தைகள் தூங்குகிற நேரம். வாசலில் இருபது ஜோடிக் குட்டிச் செருப்புகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. திரை இழுத்த கூடத்தில் வரிசையாகப் பாய்கள். ஒரு குழந்தை ஒரு காலைப் பக்கத்துக் குழந்தையின் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கியது. பதினேழு மூலையில் உட்கார்ந்து துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். காதைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஆகவே அந்தச் சண்டை முழுக்க ரகசியக் குரலில்தான் நடந்தது. ரகசியக் குரலில் திட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கத்துவதே எவ்வளவோ மேல்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள் காது.

"நேத்தே கேட்டுட்டேன். பஸ்ல. ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு."

காது கிட்டக் குனிந்து கேட்டாள். "ஏன்டி எனக்கு ஒரு போன் பண்ணல?"

"பண்ணா எடுப்பியா?"

விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்து, நீவி, அடுக்கின்மேல் வைத்துவிட்டுத்தான் பதினேழு நிமிர்ந்து பார்த்தாள். காது கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"கவுத்து வெச்சேன்டி. உன் பேரைப் பார்த்துட்டே கவுத்து வெச்சேன். பதினோரு தடவை."

"தெரியும். ஆஃப் பண்ணியிருந்தா வேற மாதிரி சொல்லும். உன்னோடது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"எண்ணினேன், ஆனா எடுக்கல. மன்னிச்சிடுன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வெக்கமா இருக்கு."

"அது பழசு. இது புதுசு. இதைப் பேசு. வேணும்னே பண்ணியா?"

"ஐயோ, இல்லடி."

"அதுவும் தெரியும். வேணும்னு பண்ணா இவ்ளோ சின்னதா வெச்சிருக்க மாட்ட. ஆனா நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. காலையில வந்ததும் வராததுமா எங்க பெரியம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்." பெரியம்மா என்பது காப்பகத்தின் பொறுப்பாளர், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எவளோ ஒருத்தி சொல்லி அவங்க தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லணும்ல?"

"என்ன சொன்னாங்க?"

"'மருந்து அலமாரி சாவியை என்கிட்டக் குடுத்துடு'ன்னாங்க. கழட்டிக் குடுத்தேன். 'ரெண்டு மணிக்குப் பசங்க எழுந்துக்கும், பாலைக் காய்ச்சு'ன்னாங்க. அவ்ளோதான்."

வேலை போகவில்லை. காது யாருக்கென்று இல்லாமல் மனசுக்குள் நன்றி நன்றி என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் பதினேழின் கை இடுப்புப் பக்கம் போய்ப் போய் வந்ததைப் பார்த்துவிட்டாள். சாவி மாட்டியிருந்த இடம். பத்து மாதமாகக் கனத்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு இல்லை.

"நானே சொல்றதாத்தான் இருந்தேன்டி" என்றாள் பதினேழு. "மருந்தை விட்டு ரெண்டு வருஷம் முழுசா ஆனதும். இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. கேக் வாங்கிட்டு வந்து, எல்லாருக்கும் குடுத்துட்டுச் சொல்லணும்னு ஒரு நாள் பார்த்து வெச்சிருந்தேன். அதை நீ எடுத்துக்கிட்ட." சத்தம் வராமல் அழுதாள். மடித்த விரிப்பு ஒன்றையே எடுத்து முகத்தைத் துடைத்தாள். துடைத்ததை அழுக்குக் கூடையில் போட்டாள், அழுகையிலும் வேலையில் குறை வைக்காதவள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் காது வானொலி விஷயத்தைச் சொன்னாள். "பாட்டை எடுத்துட்டேன். உன் பேரை வெட்டணும்னாலும் சரி, உன் நாலு வரியையே எடுக்கணும்னாலும் சரி, பாட்டே வேண்டாம்னாலும் சரி. நீ சொல்றதுதான். அஞ்சு மணிக்குப் போடறேங்கறாங்க."

"அஞ்சு மணிக்கு வேண்டாம்."

"சரி."

"என்னடி சரி? ரேடியோடி!"

"சரின்னா சரிதான்."

பதினேழு அடுத்த விரிப்பை எடுத்து மடித்தாள். "நீ வருவியா மாட்டியான்னுதான் போன் பண்ணாம உக்காந்திருந்தேன். கமுக்கமா மாத்திட்டு இருந்துடுவன்னு நெனைச்சேன். அப்படி மட்டும் பண்ணியிருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பேரை எடு. அப்புறம், மூணு பேரும் சேர்ந்துக்கிட்டு எனக்குப் பதிலா 'இருக்கேன்'னு கத்தறீங்கல்ல, அதையும் எடு. எனக்கு வாய் இல்லையா? திங்கக்கிழமை அரை நாள் கேட்டுப் பாக்கறேன். நானே வந்து சொல்றேன்."

அந்த நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு பெரியம்மா வந்தார். காதை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டு போட்டது நீயா?"

"ஆமாங்க."

"நான் இன்னும் கேக்கல. கேளுங்கன்னு இவ சொன்னா கேப்பேன்." பதினேழைப் பார்த்து, "ரெண்டு பேரும் குசுகுசுத்தது போதும். பால் அடுப்புல இருக்கு" என்றார். பதினேழு எழுந்து ஓடினாள். சாவியை வாங்கிக்கொண்ட அந்த அம்மாளுக்கு, அவர்களுடைய விதி சொல்லாமலே தெரிந்திருந்தது. வாசலுக்கு வந்து செருப்பு மாட்டும்போது காது அவரைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு வானொலியில் வேறு யாருடைய பாட்டோ ஒலித்தது. அறிவிப்பாளர் கோபத்தில் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் காலை ஆறு மணிக்கு, ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது போட்டார். கேட்டேன் என்று சொன்னவர் அச்சகத்துக்காரர் ஒருவர்தான். அவர் கேட்டது, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை திரும்பப் பதிவு செய்த பாட்டு.

அந்தத் திங்கட்கிழமை பதினேழு வந்தாள். அரை நாள் கேட்டதற்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்ததாம். தொண்டை அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தான். நாள் முழுக்கக் கத்துகிறவனுக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. அவளே, "நீ என் பேரைக் கூப்பிட்டது நல்லாத்தான்டா இருந்துச்சு. ரெண்டு மூணு வருஷமா எல்லாரும் திட்டறதுக்குத்தான் அதைக் கூப்பிட்டாங்க" என்று சொல்லி அவனை ஆற்ற வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் போனாள். காது கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு அவள், இந்தப் பக்கம் இவள். முதல் தடவை குரல் வரவேயில்லை. இரண்டாவது தடவை சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை தொண்டையின் குரல் ஓடியது:

பதினேழு எங்கேடி, பாட்டில் மருந்தில் தூங்குது
பக்கத்து இடமும் காலியாச்சு, பலகை தனியா ஏங்குது
எழுப்பப் போன கையெல்லாம் ஏனோ பாதியில் நின்னாச்சு
தானா எழுந்து வந்தவளே, தலையைத் தூக்கு, விடிஞ்சாச்சு!

"பதினேழு!"

"இருக்கேன்" என்றாள். கத்தவில்லை. வகுப்பில் சொல்வாளே, அப்படிச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் வேண்டியிருந்தது. காது நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனாள்.

கண்ணாடிக்கு அப்பால் பதினேழு தலையைக் குனிந்தாள். தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். பாட்டில் யாரும் கூப்பிடாத ஒரு நம்பருக்கு, சளி பிடித்த கட்டைக் குரலில், இன்னொரு தடவை சொன்னாள்.

"இருக்கேன்."

காதின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, சத்தம் பதிவாகிவிடுமோ என்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, நான் இல்லாத வகுப்பில் என் நம்பருக்கு என்ன ஆகியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்த நாற்பத்தோரு காலையிலும், இந்தக் குரல் அங்கே தனக்காக எழும்பிக்கொண்டிருந்தது. சொல்லித்தான் கேள்விப்பட்டிருந்தாள். இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள்.

மூக்கு ஹெட்ஃபோனைப் பாதி கழற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "ரெண்டாவதா ஒரு குரல் வருதே, அது யாருடி? வெட்டிடலாமா?"

"வெட்டாதே" என்றாள் காது. "அது நான்தான்."